பொன்னி மட்டும்

ஜன. 20, திங்கள்

பனி. ஆற்றின் எதிர்க்கரை தெரிய வெகுநேரம் ஆயிற்று.

புது வேலை தொடக்கம். அரிசி ஆலை முதலாளி கம்ப்யூட்டரில் பார்க்கும் நெல் வரத்து ரிப்போர்ட்டைச் சீர்செய்ய வேண்டும். சிங்கப்பூரில் வேலை போய்த் திருவையாறு திரும்பிய எனக்கு முதல் சம்பாத்தியம். வாங்கித் தந்தவள் ஸ்டெல்லா, பள்ளித் தோழி. முதலாளியின் ஆலைகளில் குடவாசல் ஆலைக்கு மேனேஜர். அவள் நன்றாக இருக்கட்டும்.

பழைய திரை: எங்கும் ஃபில்டர், வேண்டியதை மட்டும் சலித்துக் காட்டும் பெட்டிகள். ஆலை, ரகம், ஈரப்பதம், தரகர், சாக்கு நிறம்கூட. யார் கேட்டார்களோ.

அம்மாவுக்குக் கண் சொட்டுமருந்து. மறக்கக் கூடாது.

ஜன. 22, புதன்

முதலாளி கோபமாக இருந்தார். குடவாசல் வரத்து மற்ற ஆலைகளில் பாதிகூட இல்லையாம்.

"அறுவடை நேரத்துல நெல்லு எங்க போவுது? ஸ்டெல்லாவ எடுத்துட்டு வேற ஆளப் போடப் போறேன்."

"நீங்க எப்படிப் பாக்குறீங்கன்னு ஒருதடவ காட்டுங்க சார்" என்றேன்.

காட்டினார். ஃபில்டரில் ஆலையை மட்டும் மாற்றினார். நான் திரையைக் கீழே நகர்த்தினேன். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி: ரகம், பொன்னி மட்டும். யாரோ எப்போதோ வைத்தது, அப்படியே நின்றிருக்கிறது. குடவாசலுக்கு வருவதோ பெரும்பாலும் சி.ஆர். என்ற வேறு ரகம். 'எல்லா ரகமும்' என்று மாற்றியதும் குடவாசல் மற்ற ஆலைகளுக்குச் சமமாக வந்து நின்றது.

முதலாளி என் முன்னாலேயே போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"ஸ்டெல்லா, உன்னத் தப்பா நெனச்சிட்டேம்மா. மன்னிச்சிரு."

அந்தப் பக்கம் லாரி இரைச்சல். "பரவால்லங்க சார். லோடு எறங்குது, அப்பறம் பேசவா?"

இப்படி மன்னிப்புக் கேட்கும் முதலாளியை நான் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைத்ததே.

ஜன. 24, வெள்ளி

முடிந்தது. வெளியே மூன்றே ஃபில்டர்: ஆலை, ரகம், தேதி. மற்றவை ஒரு பொத்தானுக்குள். எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பது மேலே பெரிய எழுத்தில்: 'குடவாசல், எல்லா ரகமும், இந்த மாதம்'.

"மிச்சமெல்லாம் எங்க?" முதலாளி.

"உள்ள இருக்கு சார். வேணும்னா தொறந்துக்கலாம்."

திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "சாக்கு நிறத்த நாந்தான் கேட்டேன்" என்றார் மெதுவாக.

முத்துப்பேட்டை ஆலையின் கணக்குத் திரையையும் நானே செய்ய வேண்டுமாம். இனி சிங்கப்பூருக்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை. அம்மாவிடம் சொன்னேன். பாயசம்.

ஜன. 27, திங்கள்

குடவாசல். வழியெல்லாம் அறுவடை மெஷின்கள், பஸ் ஊர்ந்தது.

ஸ்டெல்லாவுக்குப் புதுத் திரையைக் காட்டினேன். மேல் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.

"வரத்து கொறையுதுன்னு முதலாளி கேட்டுட்டே இருந்ததுல, ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு துபாய்ல இருக்குற எங்க வீட்டுக்காரர்கிட்டயே போயிடலாம்னு டிக்கெட் பாத்துட்டிருந்தேன்டி."

"இப்ப?"

"இப்ப அவர இங்க வரச் சொல்லியிருக்கேன்."

வெளியே ஹாரன். எடைமேடைக்கு ஓடினாள்.