ஹார்டு டிஸ்க்குக்குள் போகாதது

இன்று காலை சமையல் மேடையிலேயே சால்டரிங் வைத்தேன். புகை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நின்று இருமுவது போல இருந்தது. கணபதி ஏரியாவில், மோட்டார் வைண்டிங் பட்டறையின் ஆபீஸ் அறையில், நாம் இருவரும் அந்தப் புகையில்தானே கிடந்தோம்.

உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருக்கிறேன். பார்வைக்கு வெறும் கீபோர்டு. டிவியில் மாட்டினால்தான் உயிர் வரும். எத்தனை ஹெச்பி மோட்டார் என்று தட்டினால் எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று சொல்லும்படி நாம் எழுதிய ப்ரோக்ராம் டேப்ரிக்கார்டர் கேசட்டில் இருந்தது. அது கம்ப்யூட்டரில் ஏறப் பத்து நிமிஷம். ஏறி முடிக்கும்போது கரண்டு போகும். மறுபடி முதலிலிருந்து. பட்டறை ஆட்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காந்துகிறது.

ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சேர்த்துவிட்டால் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும் என்றாய் நீ. இந்த விளையாட்டுச் சாமானுக்கு அதெல்லாம் சேராதுங்க அம்மணி என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் கையை விரித்தார். நீயா விடுகிறவள்? பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கழற்றிய டிஸ்க் ஒன்றை அவரிடமே வாங்கி, நடுவில் இணைக்கும் சர்க்யூட் பலகைக்கு நீயே படம் வரைந்தாய். சால்டரிங் என் வேலை. டிஸ்க் சுற்றியது, கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யவே இல்லை. செத்த டிஸ்க்கை நம் தலையில் கட்டிவிட்டார் என்று அந்த மனுஷரைத் திட்டித் தீர்த்தோம். ஆனால் உள்ளுக்குள் நீ உன் படத்தைத்தான் சந்தேகப்பட்டாய். எனக்குத் தெரியும். கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாய்:

"டிஸ்க் வேல செய்யற அன்னைக்கு இந்தச் சனியனை வாலாங்கொளத்துல வீசிப்போடோணும் புள்ள. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் கேசட்டை எடுத்துப் பார்த்தால் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இன்னொரு மழைக்காலம் தாங்காது. நம் ப்ரோக்ராமுக்கு வேறு பிரதியும் கிடையாது. அதற்குள் அதை டிஸ்க்கில் ஏற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இந்தக் கணக்கெல்லாம் போன்லயே வருமுங்கம்மா, எதுக்கு வேண்டாத வேலை என்றான் என் மகன். வரட்டும். அது நாம் போட்ட கணக்கா? வேண்டாத வேலைதான், செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ வரைந்த படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தேன். அடிப்பாவி, அதில் ஒரு தப்பும் இல்லை! நீ பலகையை மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறாய். நான் பலகையைக் கவிழ்த்துப்போட்டு, படத்தில் இருந்தபடியே அடியில் சால்டரிங் வைத்திருக்கிறேன். இடம் வலமாகிப் போயிருக்கிறது. டிஸ்க் சாகவில்லை. தப்பு என்னுடையது. அது தெரியாமலே நீ போய்ச் சேர்ந்தாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலை கம்பிகளை மாற்றி வைத்தேன். கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் கண்டுகொண்டது. அடுத்தது கேசட்டில் இருப்பதை அதில் ஏற்ற வேண்டும். நாடா ஓடுகிறதா என்று டேப்ரிக்கார்டரில் போட்டுப் பார்த்தேன். ப்ரோக்ராம் பதிந்திருக்கும் அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு முன்னால் நீ பேசினாய். ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கு முன்னாலும் அது இன்னதென்று வாயால் சொல்லிப் பதிந்துவைப்போமே, அதை நான் சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன்.

"இது வைண்டிங் கணக்கு. டேப்புச் சத்தத்த ஆறுல வையி. அவசரப்படாத புள்ள, சித்த இரு."

பிறகு ஒரு இருமல். பிறகு கீச்சு.

கம்ப்யூட்டருக்குக் கீச்சு மட்டும்தான் வேண்டும். உன் பேச்சைத் தள்ளிவிட்டு ப்ரோக்ராமை எடுத்துக்கொண்டது. இப்போது டிஸ்க்கிலிருந்து கண் மூடித் திறப்பதற்குள் ஏறுகிறது, நீ சொன்னபடியே. சிரித்தவர்களில் ஒருவரையாவது இழுத்துவந்து காட்ட வேண்டும் போல இருக்கிறது.

சத்தியப்படி சாயங்காலம் நான் வாலாங்குளத்துக்குப் போக வேண்டும். போக மாட்டேன். குரலைப் போனில் பிடித்துத் தருகிறேன் என்கிறான் மகன். பிடித்துக்கொள்ளட்டும், கேசட்டை யாருக்கும் தர மாட்டேன். அது என் கைப்பைக்குள் இருக்கிறது. சத்தியம் மீறினவள் என்று திட்ட வேண்டுமானால் நீயே வந்து திட்டு.