மரகதத்துக்காகப் பூக் கேட்டது

பங்குனி 20, திங்கள்

காலையிலேயே வெயில். தறிக்குப் பாவு எட்டு மணிக்குள் சுருட்டியாயிற்று.

கடிதம் படித்தபோது இருந்தவர்கள்: அவர். நான். எதிர்வீட்டுச் செல்லாயி அக்கா. பாவுக்குக் கஞ்சி போட வந்த பழனியப்பன். தண்ணீர் கேட்டு நின்ற தபால்காரர். ஆக ஐந்து பேர். பின்னால் பேச்சு வந்தால் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

கடிதம் இரண்டு. ஒன்று அவர் தங்கை மரகதம் எனக்கு எழுதியது, தனியாகப் படிக்க எடுத்து வைத்துவிட்டேன். மற்றது அவள் இருக்கும் விடுதியிலிருந்து, கமலாட்சி அம்மாள் என்பவர் எழுதியது. பட்டணத்தில் பெண்கள் கல்லூரி விடுதி. வெளியூர்ப் பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே அந்த அம்மாளை வைத்திருக்கிறார்கள். பாடத்தில் பின்தங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், வீட்டை நினைத்து அழுதாலும் அவர்கள்தானாம்.

நான் படித்தேன். விஷயம் இது:

– மரகதம் இங்கிலீஷில் தேறவில்லை. மற்றதில் நல்ல மார்க்கு.
– ஜூனில் மறுபரீட்சை. அதிலும் போனால் உபகாரச் சம்பளம் நிற்கும். (படிப்பும் நிற்கும். அதை அவர்கள் எழுதவில்லை. நமக்குத் தெரியும்.)
– கோடை லீவில் நான்கு பெண்களை விடுதியிலேயே நிறுத்தி, தாமே உட்கார்ந்து பாடம் சொல்லித் தருவார்கள்.
– வீட்டார் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஏப்ரல் 12க்குள் கைக்குக் கிடைக்க வேண்டும். நம் கணக்கில் பங்குனி 30. தவறினால் அந்த இடம் வேறு பெண்ணுக்கு.

செல்லாயி அக்கா: "அப்ப லீவுக்கும் ஊட்டுக்கு வரமாட்டாளா? நோம்பிக்குக்கூட?"

"வரமாட்டா போலிருக்குதுங்க்கா."

"நல்லாருக்குது அம்மிணி. நாலு வயசுல இருந்து தூக்கிச் சொமந்தது நீயி. இப்ப ஆரோ ஒரு பட்டணத்துக்காரி, எம்புள்ளைய நான் வெச்சுக்கறேங்கறா."

"அப்பிடி எழுதலீங்க்கா."

"எழுதோணுமா?"

அவர் என்னையே பார்த்தார். "நீ என்ன சொல்றே புள்ள?"

யோசிக்கலாமுங்க என்றேன். மத்தியானம் ரசத்தில் உப்பு இரண்டு தரம்.

பங்குனி 21, செவ்வாய்

அவர் சேலம் சந்தைக்கு. வீட்டில் நான் மட்டும். மரகதம் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எண்ணியும் பார்த்தேன். கமலாட்சி அம்மாள் பெயர் பதினோரு இடத்தில். அண்ணி என்று இரண்டு இடத்தில். ஒன்று ஆரம்பத்தில், நமஸ்காரம். இன்னொன்று முடிவில்: "அண்ணி என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன்."

கமலாட்சி அம்மாள் புது மாணவிக்கு ஒரு மூத்த மாணவியை அக்காவாக வைப்பார்களாம். சனிக்கிழமை எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்களாம். மாசியில் இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தம் கம்பளியைப் போர்த்தி, மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்களாம்.

காய்ச்சல் வந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும்.

கஷாயத்தில் பனைவெல்லம் போட்டாளா என்று எழுதவில்லை. போடாவிட்டால் மரகதத்துக்கு இறங்காது.

சொல்ல யாரும் இல்லை, அதனால் இங்கே. மரகதம் அவருடைய கடைசித் தங்கை. என் மாமியார் கண்ணை மூடியபோது அவளுக்கு வயது நாலு. எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு முதல் எழுத்துப் போட்டுக் கொடுத்தது நான். எனக்கு யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. நூல் கட்டில் ஒட்டி வருகிற தாளைப் பார்த்து, தறியில் இருந்தவர்களிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கற்றேன். பிறகு கோயில் தோத்திரப் புத்தகம். பிறகு இந்த நோட்டு.

பங்குனி 22, புதன்

புழுக்கம். நூல் சாயம் காயப் போட்டது. வடகத்துக்குக் கூழ் காய்ச்சவில்லை. மனசு இல்லை.

விடுதியில் வாசக அறை என்று ஒன்று. மாலை ஆறரைக்கு மணி அடிப்பார்களாம். அடித்தால் எல்லாப் பெண்களும் போய் விளக்கடியில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பேசினால் கண்டிப்பு. மரகதம் குறையாக எழுதியிருக்கிறாள், கால் மரத்துப் போகிறது என்று.

படி என்று மணி அடிக்கிற இடம். நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நான் புத்தகம் எடுத்தால் பால் பொங்கும், இல்லாவிட்டால் யாராவது படலைத் தட்டுவார்கள். முப்பத்தாறு வயது. இங்கிலீஷில் என் பேர் எப்படி இருக்கும் என்று தெரியாது. அவள் அதில் தேறவில்லையாம். தேறாதவளுக்கு ஒரு அம்மாள் தன் லீவை விட்டுக் கொடுத்துச் சொல்லித் தருகிறாள்.

இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.

ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயரின் மேல் சிவப்புக் கோடு. விடுதிக்கு மாற்றியபோது தாலுக்கா ஆபீசில் போட்டது.

ஒன்று மட்டும் அந்த அம்மாளுக்குத் தெரியாது. மரகதம் பயந்தால் வாயால் சொல்லமாட்டாள். இடது கைப் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வாள். நாலு வயதிலிருந்து அப்படி. கையைப் பார்த்தால்தான் தெரியும். அதை நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. அது ஒன்றாவது இருக்கட்டும்.

பங்குனி 23, வியாழன்

அவர் சாப்பிடும்போது மறுபடி கேட்டார். "என்னமோ முடிவு சொல்லு. நாளு போவுதல்லோ."

"அம்மனைக் கேட்டுப் போடலாமுங்க. நாளைக்கு வெள்ளிக்கெழமை."

"பூவா?"

"ஆமாங்க. வெள்ளை வந்தா அங்கயே இருக்கட்டும். செவப்பு வந்தா ஊட்டுக்கு வரட்டும்."

முகம் தெளிந்துவிட்டது அவருக்கு. "அதுஞ் செரி. நம்ம தலைல பாரம் எதுக்கு." இன்னும் கொஞ்சம் மோர் வாங்கிக்கொண்டார்.

பங்குனி 24, வெள்ளி

விடியலில் குளித்தாயிற்று. வாசலில் சின்னக் கோலம். நந்தியாவட்டை பறித்தேன், நாலு பூ. செவ்வரளி பறித்தேன், எட்டு பூ.

மாரியம்மன் கோயிலில் இருந்தவர்கள்: பூசாரி, அவர், நான்.

இரண்டு பொட்டலமும் நான் கட்டினதுதான். வாழையிலை, வாழைநார். பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, அவரை எடுக்கச் சொன்னார். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

"செவப்புதான் புள்ள. அம்மன் வேண்டாங்கறா." குரல் இறங்கிப் போயிற்று. "பாவம், அவ குடுத்து வெச்சது அவ்வளவுதானாட்ட இருக்குது."

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட வேண்டும். நான் எடுக்கப் போனேன். பூசாரி குங்குமத்துக்குக் கூப்பிட்டார். அவர், "நான் போட்டுட்டு வாரேன், நீ வாங்கிக்க" என்று எடுத்துக்கொண்டு போனார்.

நந்தியாவட்டை நாலும் சமையல் அறைப் படத்துக்கு வைத்திருக்கிறேன். இந்த நோட்டில் நான் பொய் எழுதியதில்லை. அதனால் இதையும் எழுதுகிறேன். அந்தப் பொட்டலத்திலும் சிவப்புதான்.

பங்குனி 25, சனி

எண்ணெய்க் குளியல். பதில் கடிதம் நான் எழுத, அவர் கையெழுத்துப் போட்டார். நான்கு வரி. "அம்மன் உத்தரவு இல்லை. ஆகையால் மரகதத்தை லீவுக்கு ஊருக்கு அனுப்பவும்." உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனார். திரும்பி வந்து, "ஆச்சு" என்றார். கால் கழுவினார்.

மரகதம் வந்தால் படுக்க மச்சு அறையை ஒழித்தேன். கத்தரி வற்றல் அவளுக்குப் பிடிக்கும், கூடுதலாகப் போட வேண்டும்.

பங்குனி 26, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை.

செல்லாயி அக்கா வந்தாள். "செவப்பு வந்துதாமா. அம்மனுக்கே தெரியுது பாத்தியா, ஆரு வளத்தான்னு." வெல்லம் கேட்டாள், கொடுத்தேன். போகும்போது, "இங்கிலீசு போனாப் போவுது. கழுத்து நெறைய நகை போட்டு ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்தா ஆச்சு" என்றாள்.

போனாப் போவுதாம். அவ்வளவு கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பங்குனி 27, திங்கள்

காற்றே இல்லை. தோத்திரம் சொல்ல உட்கார்ந்தால் நடு வரியில் நின்று போகிறது. மனப்பாடமான வரி.

அவர் தறியில் இருந்துகொண்டே கேட்டார். "மரகதத்துக்கு மொத எழுத்து எங்க வெச்சுப் போட்டே? ஞாபகம் இருக்குதா?"

"இந்தத் தறிக்குழி ஓரத்துலதானுங்க. நூல் கட்டுத் தாள்ல."

"ம்." மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ வேண்டாம்னு அழுவா. நீ உடமாட்டே" என்றார்.

ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

பங்குனி 28, செவ்வாய்

அவர் ஆறு மணி பஸ்சில் சேலம். துவைக்க அவர் சட்டையை எடுத்தேன். பை புடைத்திருந்தது. அவர் பையில் எதையும் விட்டுப் போகிற மனிதர் இல்லை.

உள்ளே இருந்தவை:

– நான் ஒட்டிக் கொடுத்த உறை. தபால் முத்திரை இல்லை. போடவேயில்லை.
– ஒரு வாழையிலைப் பொட்டலம். காய்ந்து கறுத்தது.

நான் நாரில் கட்டியது. இப்போது நார் இல்லை. வெள்ளை நூலில் கட்டியிருந்தது. இழை அறுந்தால் தறியில் போடுகிற முடிச்சு, அச்சின் பல்லுக்குள் போனாலும் சிக்காதே, அந்தப் பொடி முடிச்சு. அவர் கை முடிச்சு. கிணற்றடியிலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மறுபடி கட்டியிருக்கிறார். நாலு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறந்து வைத்தாரா, வைத்துவிட்டுப் போனாரா.

சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் தேதி உறைத்தது. இன்று 28. தபால் பை பதினோரு மணிக்குக் கட்டிவிடுவார்கள். இன்று போனால் முப்பதாம் தேதி பட்டணத்தில் கிடைக்கலாம். நாளை போட்டால் கிடைக்காது.

அம்மனிடம் சாயங்காலம் போய் விழுந்துகொள்ளலாம். அவள் காத்திருப்பாள். தபால் பை காத்திருக்காது.

பழைய உறையை அடுப்பில் போட்டுவிட்டு வேறு கடிதம் எழுதினேன். அவர் வரும் வரை காத்திருந்தால் நேரம் போய்விடும், அதனால் என் கையெழுத்தே போட்டேன். ரேகை வைத்ததில்லை நான், ஆனால் வீட்டுக்கு வெளியே போகிற தாளில் என் பெயர் எழுதியதும் இதுதான் முதல் தடவை.

தபாலாபீசுக்கு நானே போனேன். தபால்காரர் பை கட்டிக்கொண்டிருந்தார். "அம்மிணி வந்திருக்கீங்க, ஊட்டுல ஆருமில்லீங்களா?" என்றார். இருக்கிறேனே என்றேன். உறையை வாங்கிப் பைக்குள் போட்டார். மணி பத்தே முக்கால்.

போட்ட கடிதத்தின் நகல்:

"கமலாட்சி அம்மாள் அவர்களுக்கு மரகதத்தின் அண்ணி அங்கம்மாள் நமஸ்காரம். மரகதம் லீவில் விடுதியில் இருந்து படிக்க எங்களுக்குச் சம்மதம். அவள் அண்ணன் சந்தைக்குப் போயிருப்பதால் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். தாமதத்துக்குக் காரணம் நான்தான், அவள் அல்ல.

மிளகுக் கஷாயத்தில் பனைவெல்லம் போடவும். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கவும், மறந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம். பாடத்தில் பயம் வந்தால் அவள் சொல்லமாட்டாள். இடது கைப் பெருவிரலை உள்ளே மடக்கிக்கொள்வாள். பாடம் சொல்லும்போது அந்தக் கையைப் பார்க்கவும்.

தங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இன்னும் இருக்கிறது. அதை மனதில் வைக்க வேண்டாம்.

இந்தக் கடிதம் நாள் தவறாமல் வந்ததா, மரகதத்துக்கு இடம் இருக்கிறதா, என் கையெழுத்துப் போதுமா என்று சீக்கிரம் பதில் எழுதவும்."