பெயர் கூப்பிட்ட வகுப்பு

ஆகஸ்ட் 17, ஞாயிறு. பொகவந்தலாவை.

பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடத்தைத் தேயிலைத் தோட்ட மண்டபத்தில் கூடிப் படிக்கும் குழுவை இனி நான் நடத்த வேண்டாமாம். எனக்குத் தெரியாமலே ஒன்பது பேரும் கையெழுத்திட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது கையெழுத்து சிவகுமாருடையது. நேற்று மாலை என் வீட்டில் தேநீர் குடித்தவன். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று நேரில் போய்க் கேட்டேன். மல்லிகாதான் வாயைத் திறந்தாள். கொழுந்து பறிப்பவள். குழுவில் எல்லோரையும்விட வேகமாகப் படிப்பவள்.

"காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்திப் போனா கங்காணி திருப்பி அனுப்புறாரு. ஞாயித்துக்கெழம நீங்களும் பேர் கூப்பிட்டு, பிந்தி வந்தவங்கள வாசலோட அனுப்புறீங்க. அரைநாள் கூலின்னு அரைப்பேர் மட்டுந்தான் இன்னும் போடல சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சிவகுமாரும் சிரித்தான்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். அன்னிக்குப் பத்து நிமிசம் லேட்டு. நீங்க உள்ள விடல" என்றாள் மல்லிகா.

இலவசமாகக் கிடைக்கும் படிப்பை யாராக இருந்தாலும் பாதியில் விட்டுவிடுவார்கள். அதனால்தான் கண்டிப்பாக இருந்தேன். ஒவ்வொரு பாடத்தையும் இரவில் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள்கள் இன்றும் அவர்கள் கையில் இருந்தன. மண்டபச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மல்லிகாவின் கோபம் எனக்குப் புரிகிறது. அவளை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவகுமார் ஒரு நாள்கூடப் பிந்தி வந்ததில்லை.