புளி போட்டுத் தேய்த்த சீனக் கலம்

ஹரோ,
லண்டன்,
4 பிப்ரவரி 2024

என் அன்புக்குரியவருக்கு,

நலமா? போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். ஆர்ச்வேயில் நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்தால் உங்கள் முதுகு என்னத்துக்கு ஆகும்?

தை வெள்ளிக்குக் குத்துவிளக்கோடு உங்கள் மூன்று கால் சீனக் கலத்தையும் புளி போட்டுத் தேய்த்தது என் தப்புதான். களிம்பு பிடித்த வெண்கலத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? மூவாயிரம் வருஷத்துக் கலம் என்று நீங்கள் சொல்லியும் செய்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்காக முப்பது வருஷக் குடித்தனத்தை விட்டுவிட்டுப் போவதா? வந்துவிடுங்கள்.

உங்கள்
நீலவேணி

ஆர்ச்வே,
11 பிப்ரவரி

நீலவேணிக்கு,

முதுகு நன்றாகவே இருக்கிறது. அந்தப் பச்சை நிறம் அழுக்கு இல்லை, கலத்தின் வயது. அதில் வார்த்திருக்கும் மிருக முகத்துக்கு உருண்டைக் கண்ணும் கொம்பும் உண்டு, கீழ்த்தாடை கிடையாது. நம் வீட்டில் வாயைத் திறக்காத ஜீவன் அது ஒன்றுதான். அதையும் கல்யாண வீட்டு அண்டாவாக்கிவிட்டாய். அது பழையபடி ஆகட்டும், வருகிறேன்.

திருமாறன்

ஹரோ,
3 மார்ச்

என் அன்புக்குரியவருக்கு,

நல்ல செய்தி! கலத்தைத் துண்டில் சுற்றிப் பழம்பொருள் பார்க்கும் ஓர் அம்மையாரிடம் கொண்டுபோனேன். நிஜக் களிம்பு வெண்கலத்தோடு ஊறிப்போயிருக்குமாம், ஒரு மத்தியானத் தேய்ப்புக்கு இப்படி விடாதாம். நான் தேய்த்து எடுத்தது வெறும் சாயம்! முகத்தைச் சுற்றியுள்ள சதுரச் சுருள்கள்கூட மொண்ணையாக இருக்கின்றனவாம். புதிதாக வார்த்த நகல். யாரோ உங்களை ஏமாற்றிவிட்டார்கள், பாவம். ஆனால் நான் எதையும் அழிக்கவில்லை, பார்த்தீர்களா? சந்தோஷத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பு வைக்கிறேன். சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
நீலவேணி

ஆர்ச்வே,
6 மார்ச்

நீலவேணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை எனக்காகச் சமைக்காதே.

நகல் என்று வாங்கிய அன்றே எனக்குத் தெரியும். இருபது வருஷமாக வெண்கலம் பார்க்கிறவனுக்குச் சாயம் தெரியாதா? உன்னோடு இருக்கப் பிடிக்கவில்லை. அதை வெறுமனே சொன்னால் உன் அண்ணன் மோர்டனிலிருந்து வந்து பஞ்சாயத்து வைப்பார். உன் பக்கம் ஒரு தப்பு வேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நீ புளியை ஊறப்போட்டு, கலத்தைக் கையில் எடுத்தபோது நான் அடுக்களை வாசலில்தான் நின்றிருந்தேன். கடைசிப் பச்சையும் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் கத்தினேன்.

திருமாறன்