காவடிக்குக் கிடைக்காத லீவு

திருத்தணி
4-9-1983

சிரஞ்சீவி வேணுவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. நீ அங்கே சௌக்கியமாக இருப்பதை, அங்கேயே இருக்கிற உன் சிநேகிதன் கே.ஜி.கண்டிகை கிருஷ்ணன் நேரிலேயே வந்து சொல்லிவிட்டான், அதனால் உன் சுகத்தைக் கேட்டுக் காகிதத்தை நிரப்பவில்லை. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் நைனாவுக்குத்தான் நடமாட்டம் போய்விட்டது. ஆடிக் கிருத்திகையன்று மலைப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. அரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, இப்போது வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்திருக்கிறோம். அன்றைக்கே உனக்குத் தந்தி கொடுக்க உன் தங்கை கமலா கிளம்பினாள். நைனாதான் விடவில்லை. "தந்திய பாத்தா பதறிப்பூடுவான், லீவுக்கு யார் கால்ல போய் விழுவான் பாவம், வாணாம்மா" என்று வலியோடு வலியாகச் சொன்னார். அந்தப் பாவத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு வயதில் உனக்கு டைபாய்டு வந்து, டாக்டர் கையை விரித்தபோது, நீ பெரியவனாகி உன் தோளிலேயே காவடி எடுப்பாய் என்று நைனா வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். படிப்பு முடியட்டும் என்றாய், வேலை கிடைக்கட்டும் என்றாய், கனடாவுக்குக் காலேஜ் வாத்தியாராகப் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் லீவு இல்லை என்றாய். நான் முணுமுணுத்தால் அவர் உன் பக்கம்தான் பேசுவார். ரயில்வேயில் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர், கமலா பிறந்த அன்றைக்கே லீவு கேட்டு ஃபோர்மேனிடம் வசவு வாங்கியவர். லீவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, தனக்குத்தான் தெரியும் என்பார். அதனால் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவரே மலை ஏறி, சந்நிதியில் நின்று, பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, இன்னும் ஒரு வருஷம் தவணை கொடு என்று கேட்டுவிட்டு வருவார். வேறு யாராவது உனக்குப் பதிலாகக் காவடி எடுக்கிறேன் என்றால் கோபம் வந்துவிடும். இந்த வருஷமும் வைகாசியில் உன் கடிதம் வந்தது, வேலை தலைக்கு மேல் இருக்கிறது, மூச்சுவிட நேரமில்லை என்று. முட்டி வலியோடு போக வேண்டாம் என்று நானும் கமலாவும் எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. படியெல்லாம் ஈரத் துணியோடு ஏறுகிற கூட்டம், காலடியில் மிதிபட்ட பூ, வழுக்கிவிட்டது. உனக்காகச் சாமியிடம் லீவு கேட்கப் போன மனுஷனை நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

இதற்குப் பிறகு கிருஷ்ணன் வந்தான். குழந்தைக்கு மொட்டை அடிக்கக் கனடாவிலிருந்து ஊருக்கு வந்தவன், நைனா விழுந்ததைக் கேள்விப்பட்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். அவன் மேல் தப்பில்லை, எங்களுக்கு முன்பே தெரியும் என்று நினைத்துப் பேசிவிட்டான். "வேணுவுக்கு இன்னா பெரியம்மா, போன பொரட்டாசிலேர்ந்து ஜாலியா கீறான். ஏழு வருஷம் வேலை பாத்தா காலேஜுல ஒரு வருஷம் சம்பளத்தோட லீவு உடுவாங்க, எடுத்துகினு ஊர் ஊரா சுத்திகினு கீறான்" என்றான். ஆற்றில் படகு விடுகிறாயாம், காட்டில் கூடாரம் போட்டுப் படுக்கிறாயாம், காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிறாயாம். கிதார் வேறு. சக்கரத்தில் மண்ணை வைத்துச் சட்டி செய்யவும் கற்றுக்கொள்கிறாயாம், சந்தோஷம், இங்கே நம் வீட்டில் ஒரு சட்டி கழுவி வைத்திருக்கிறாயா நீ? ஒரு போட்டோவும் காட்டினான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பனிமலை உச்சியில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறத் தெரிந்தவனுக்கு, கட்டி வைத்த படியில் ஏறத்தான் ஒரு வாரம் கிடைக்கவில்லை. வயிறு எரிகிறது வேணு. வேலையால் வரவில்லை என்றால் தாங்கிக்கொண்டிருப்பேன், இத்தனை வருஷம் தாங்கவில்லையா?

நைனா போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அந்தக் கவுறு கெட்டியா இருக்குமாப்பா" என்று மட்டும் கிருஷ்ணனிடம் கேட்டார். அவன் போன பிறகு என்னைப் பார்த்து, "அப்போ லீவு இருந்திச்சா ஜெயம்மா" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு யாராவது வந்து உன்னைப் பற்றி விசாரித்தால் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்கிறார். முன்னெல்லாம் உன்னைப் பற்றிக் கேட்டுவிட்டு ஒருவர் அரை மணிக்குள் எழுந்துபோக முடியாது.

கமலாவுக்கு இது ஏழாம் மாதம், ஆர்.கே.பேட்டையில் புருஷன் வீட்டுக்கும் இங்கேயுமாகப் பஸ்ஸில் அலைகிறாள். மழை நன்றாகப் பெய்து வேர்க்கடலை தேறியிருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. உனக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறாதே என்று எழுத நினைத்தேன், அதையும் கற்றுக்கொண்டிருப்பாய். குளிரில் காதை மூடிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது ஆகாது. கோபத்திலும் இதெல்லாம் எழுத வருகிறதே, அதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

இனி நைனாவால் படி ஏறவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த ஆடிக்குத் தவணை கேட்க யார் போவது? கேட்கத்தான் வேண்டுமா என்று எனக்கு வெறுத்துவிட்டது. இந்த மாதக் கிருத்திகையன்று அவரிடம் சொல்லாமல் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, சரவணப் பொய்கையில் முழுகி, உன் பெயருக்கு வேண்டின காவடியை நானே தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். நின்று நின்றுதான் ஏறினேன், ஆனாலும் ஏறி, உன் பெயரைச் சொல்லிச் செலுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து அவர் நெற்றியில் விபூதி இட்டு, வேணுவின் வேண்டுதல் முடிந்தது, இனி நிம்மதியாக இருங்கள் என்றேன். மனம் குளிர்வார் என்று பார்த்தால் அந்த மனுஷன் அழுதுவிட்டார். "யாரக் கேட்டு முடிச்ச? அது ஒண்ணுதான் பாக்கி இருந்திச்சு. இனிமே அவன் எதுக்கு வருவான்?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். மறக்காமல் அவர் பெயருக்கே எழுது, லீவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். முருகன் உன்னை எந்த மலையிலும் கை விடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயம்மாள்