இடது விங்கில் உன் பெயர்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
9.12.1984

அன்பு நண்பன் அலெக்சாண்டருக்கு,

கோவிந்தராசு எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். பிரான்சில் இப்போது குளிர் கடுமை என்று உன் அம்மா சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மில்லில் ஓவர்டைம், அதனால் பதில் போடவில்லை என்று எழுதலாம்தான். உன்னிடம் எதற்குப் பொய். முதல் பத்து நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். துணி ஊற வைக்கும்போது என் வீட்டுக்காரி தையல்நாயகி கையில் சிக்கிவிட்டது. முழுசாகப் படித்துவிட்டு, “அந்த மனுசன் அங்க பதிலுக்குக் காத்துகினு கெடப்பாரு, நீ பாட்டுக்குப் பையில வச்சிகினு சுத்துறியே” என்று என்னைத்தான் ஏசினாள். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டாய். உனக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லை, ரெனே என்பவரோடு இரண்டு வருடமாக ஒரே வீட்டில் துணையாக வாழ்கிறாய், அதை உன் புட்பால் கிளப்பில் எல்லாரிடமும் சொல்லியும்விட்டாய். சொன்ன பிறகு நீ போட்ட முதல் கோலுக்கு எட்டுப் பேர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள், இரண்டு பேர் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். சம்பளத்துக்கு ஆடுகிற இடத்தில், பிழைப்பே போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்திருக்கிறாய். எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

தங்கை கல்யாணத்துக்கு ஜனவரியில் ரெனேவோடு வரும்போது பொங்கல் கோப்பையில் நம் டீமுக்கு ஆட ஆசை, ஆனால் மறைத்துக்கொண்டு ஆட மாட்டேன், இதை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டு, வேண்டாம் என்றால் கேலரியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கேப்டன் வேலையில் இதுவும் சேர்த்தி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் எல்லாரையும் கோல் போஸ்ட் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தேன். முடித்த பிறகு எல்லாரும் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவன் காலை இன்னொருவன் மடியில் வைத்துத் தைலம் தேய்க்கிற நம் வழக்கம் இன்னும் மாறவில்லை. உன் ஜோடி சென்டர் பார்வர்டு கிருஷ்ணசாமி அல்லவா? அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். “இனிமே அவன் கால யாரு தொடுவா?” என்று கேட்டான். குருசுக்குப்பத்துக் கன்னியப்பன் மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன். அந்த நாலையும் அன்றைக்கே செலவழித்துவிட்டான். “நீ போட்ட கோலுல பாதி அந்தக் கால்லேர்ந்து வந்ததுதான். அதெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு அப்பறம் பேசு” என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். கிருஷ்ணசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் நான் ஒன்று சொன்னேன். அதை உனக்கும் எழுதியாக வேண்டும். 1979இல் நெய்வேலியில் தோற்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினோமே, நினைவிருக்கும். எவனோ உன்னைப் பற்றி அசிங்கமாக ஏதோ சொல்ல, உன் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அந்த சீட் காலியாகவே வந்தது. நான் கேப்டன். கடலூர் தாண்டியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, அதில் உட்காரவில்லை. இரண்டு மாதத்தில் நீ பிரான்சுக்குக் கிளம்பிவிட்டாய். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா பென்சன், பிரெஞ்சு பாஸ்போர்ட், அதனால் போகிறான் என்று ஊரெல்லாம் சொன்னேன். எதற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது அலெக்சாண்டர். என்னை மன்னித்துவிடு.

இதைப் பசங்களிடம் சொன்னபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கை தூக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கோப்பைக்குக் கொடுக்கிற பட்டியலை எடுத்து, இடது விங்கில் உன் பெயரை எழுதி, இவனோடு ஆடுகிறவன் கையெழுத்துப் போடட்டும் என்று தரையில் வைத்தேன். என்னோடு சேர்த்து ஒன்பது பேர் அங்கேயே போட்டார்கள். தேவதாஸ் போடவில்லை. அவன் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயப்படுகிறான். மறுநாள் ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு, உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னான்.

கிருஷ்ணசாமி நாலாம் நாள் மில் கேட்டில் வந்து நின்றான். “ஆடுறேன். தைலம் மட்டும் தேய்க்கச் சொல்லாத” என்றான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டான். போன வெள்ளிக்கிழமை பிராக்டிஸில் பந்தை எடுக்கப் போகிறவன் போல என் பக்கம் வந்து, உனக்கு இடது கணுக்காலில் அடிக்கடி சுளுக்கு வருமே, இப்போது எப்படி இருக்கிறதாம் என்று கேட்டான். நீயே எழுதிக் கேளேன் என்றேன். அவன் எழுத மாட்டான். அவனுக்காக நான் கேட்கிறேன், எப்படி இருக்கிறது?

உன் அம்மா அந்தோணிமேரி நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்தார். நீ அவருக்கும் எழுதியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. “எம்புள்ள மேல கல்லு கில்லு வந்து வுழப் போவுதுப்பா, அவன எறக்காத” என்று அழுதார். பதினைந்து வருடமாக ஸ்டாப்பர் ஆடுகிறேன், யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று சொல்லிவைத்தேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு ரெனேவுக்கும் ஒரு பட்டு வேட்டி எடுக்கலாமா, அவருக்குக் கட்டத் தெரியுமா என்று தையல்நாயகியிடம் கேட்டார். நீதான் கட்டிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

ஒன்றும் நடக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கேலரியில் கூச்சல் போடுகிறவன் போடுவான். செய்தி அதற்குள் மார்க்கெட் வரை போய்விட்டது. டீக்கடையில் என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள். ஆமாம், எங்க பையன்தான், ஜனவரி பதினாறாம் தேதி வந்து ஆட்டத்தைப் பாருங்க என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். நாக்கு சுட்டுவிட்டது, அது வேறு விஷயம்.

நேற்று பட்டியலைக் கொடுத்துவிட்டேன். மாற்று ஆட்டக்காரர் என்று போட்டிருந்த இடத்தில் கோடு கிழித்துவிட்டேன். அலெக்சாண்டர் வரவில்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கமிட்டிக்காரர் கேட்டார். “பத்துப் பேரா எறங்குவோம் சார்” என்று பதில் வந்தது. சொன்னது நான் இல்லை, என் பின்னால் நின்ற கிருஷ்ணசாமி.

உங்கள் மாதாவும் எங்கள் வீராம்பட்டினத்து அம்மனும் உங்கள் இரண்டு பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடுடா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
கேப்டன் கோவிந்தராசு