கழற்றிப் பூட்டிய கார்

மார்ச் 4, செவ்வாய்

மாதச் சாமான் வாங்கியாயிற்று. கிரீஸ் சோப்பு விலை ஏறியிருக்கிறது. "எல்லாமே ஏறுதுங்க" என்று கடைக்காரர் சிரிக்கிறார், ஏற்றுவது அவர் இல்லை என்பதுபோல. என் வீட்டுக்காரர் சட்டைக்கு அந்தச் சோப்பு இல்லாமல் முடியாது. வெளிநாட்டுக் கார் கம்பெனியில் வேலை என்றால் தெருவில் இவருக்கு மரியாதை. அந்த மரியாதையின் காலரைத் தேய்க்கிறவள் நான்.

சாப்பிடும்போது இவர் தனக்குத்தானே சிரித்தார். என்னவென்று கேட்டேன்.

"முன்சக்கரத்துக்குப் பின்னால ஒரு போல்ட். அதுல மஞ்சள் பெயிண்ட் கோடு பாதி இருக்கு. மீதிப் பாதி பக்கத்து இரும்புல இருக்கு. நான் முறுக்க முறுக்க ரெண்டு பாதியும் வந்து ஒண்ணா சேந்துடுச்சு."

"அதுக்கென்ன இப்போ?"

"முறுக்கி முடிச்சாச்சுன்னு போடுற அடையாளம்மா அது. நாங்க வெள்ளையில போடுவோம். அங்க மஞ்சள்ல போடுறாங்க போல. அப்படின்னா அங்கேயே ஒருத்தன் முறுக்கிட்டான், இன்னொருத்தன் கழட்டி அனுப்பியிருக்கான். இதுவரைக்கும் அவன் துடைச்சுத்தான் அனுப்பியிருப்பான். இந்தத் தடவை மறந்துட்டான்."

விஷயம் இவ்வளவுதான். முழுக் காராகக் கடல் தாண்டி வந்தால், காரின் விலை அளவுக்கே வரி. துண்டு துண்டாக வந்தால் வரி கொஞ்சம். ஆகவே அங்கே முழுதாகச் செய்து, ஓட்டியும் பார்த்துவிட்டு, சக்கரம், சீட்டு, கதவு எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். இங்கே இவர் பூட்டுகிறார். அதற்குப் பெயர் உள்நாட்டில் பொருத்திய கார். கல்யாணமான ஜோடியை இரண்டு பஸ்ஸில் ஏற்றி, துணையில்லாதவர் சலுகையில் டிக்கெட் வாங்குகிற மாதிரி. உள்ளூர்த் தொழில் வளரத்தான் இந்த வரி என்கிறார்கள். வளர்ந்துவிட்டது. அங்கே கழற்றுவது ஒரு தொழில், இங்கே பூட்டுவது ஒரு தொழில்.

அந்தப் பூட்டலில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆகவே ஆண்டவா, இந்தக் கிறுக்குத்தனத்தை நீடூழி காப்பாற்று.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனோம். அத்தான் சோபாவில் கார் விளம்பரப் புத்தகத்தை விரித்துவைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக்கூட அவர் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை. இவர் கம்பெனிக் காரேதான், அதில் சின்ன வகை, கடல் நீலம்.

"நான் ஒரு கார் வாங்கறேன், அரசாங்கத்துக்கு ஒரு கார் வாங்கித் தர்றேன். எந்த ஊர் நியாயம்மா இது?" என்றார் அத்தான்.

"இங்க பொருத்தினதை வாங்குங்களேன் அத்தான். பாதி விலைதானே. உங்க சகலைதான் முறுக்குறார்."

"அதான் யோசனையா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வேடிக்கை போலச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சகலை. அங்கேயே செஞ்சதுன்னா அதோட கெத்தே தனி."

இவர் மஞ்சள் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார். எனக்குத்தான் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா என் தொடையில் கிள்ளினாள். சரி போ என்று விழுங்கிவிட்டேன்.

வரி குறைகிறவரை காத்திருப்பாராம். இருக்கட்டும். சோபா வசதியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

கோயிலில் அக்கா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும், "என்னக்கா, இன்னைக்கு ரொம்ப நீளம்?" என்றேன்.

"அவர் தொல்லை தாங்கலடி. அந்த வரி குறையணும்னு வேண்டிக்கிட்டேன். குறைஞ்சா கார் வரும், கார் வந்தா இந்த மனுஷன் வாயை மூடுவாரு."

நானோ அந்த வரி குறையக் கூடாது என்று இப்போதுதான் உள்ளே முறையிட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே பாயில் முழங்கால் போட்டு, ஒரே ஆளிடம். அவர் என்னதான் செய்வார்?

கோயிலில் போய் வரியைப் பற்றிப் பேசுகிற குடும்பம் உலகத்தில் வேறு இருக்குமா?

ஏப்ரல் 2, புதன்

இரண்டு நாட்டு அமைச்சர்களும் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்துவிட்டார்களாம். டிவியில் காட்டினார்கள். நீள மேசை, நடுவில் பூ, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், முகத்தில் பெண் பார்க்க வந்தவர்களின் சிரிப்பு. ஒரு நிபுணர் வந்து, வரி குறைந்தால் வாங்குகிறவருக்கு லாபம், போட்டி வந்தால் தொழிலுக்கும் லாபம், நீண்ட கால நோக்கில் எல்லோருக்கும் லாபம் என்றார். நீண்ட காலம் சரி. நடுவில் வருகிற மாதங்களில் பால்காரருக்கு யார் கொடுப்பது? அதைப் பேட்டி எடுத்த தம்பி கேட்கவில்லை, நிபுணரும் சொல்லவில்லை.

"எந்த வரிடி? தண்ணி வரியா? அதைத்தான் நாம கட்டிட்டோமே" என்றார் மாமியார்.

"இது கடல் தண்ணிக்கு, அத்தை."

"அதுக்குமா வாங்குறான்? நாசமாப் போறவன்."

வீட்டில் இன்று பேசப்பட்டதிலேயே தெளிவான கருத்து இதுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

அந்த நிபுணர் மறுபடி வந்தார். டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

கம்பெனியில் கூட்டமாம். மேலாளர் மேடையேறி, "வதந்திகளை நம்பாதீங்க. நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றாராம். ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்தார்கள், நெஞ்சில் அதையே அச்சடித்து.

எந்தக் குடும்பத்தில் வேலை முடிந்து கிளம்புகிறவனின் பையைச் சோதித்து அனுப்புகிறார்கள்? எந்தக் குடும்பத்தில் சாப்பாட்டுக்கு மணி அடித்து, எழுந்திருக்கவும் மணி அடிக்கிறார்கள்?

"துணி நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர்.

நல்ல துணிதான். தரை துடைத்துப் பார்த்தேன், ஈரம் நன்றாக உறிஞ்சுகிறது.

மே 6, செவ்வாய்

இவர் மத்தியானமே வந்துவிட்டார். துறைமுகத்திலிருந்து பெட்டி வரவில்லையாம். பூட்டத் துண்டு இல்லை. இரண்டு ஷிப்ட் ஒன்றாகிவிட்டது.

"எதுக்கு வரலையாம்?"

"தெரியல."

"யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டா மட்டும் சொல்லிடப் போறாங்களா? நீ வேற."

கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. இந்த மனுஷன் பகல்ல வீட்டுல உக்காந்து நான் பார்த்ததே இல்ல. எங்க உக்காரணும்னுகூட அவருக்குத் தெரியல. அடுப்படி வாசல்ல நின்னாரு, கூடத்துல நின்னாரு, அப்புறம் இறுக்கமா இருந்த குழாயை இன்னும் இறுக்கினாரு. பெட்டிய அனுப்பலன்னா அனுப்பலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னய்யா கேடு உங்களுக்கு? டி-ஷர்ட் அடிக்க மட்டும் ஆள் இருக்கா?

ஆண்டவா, கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

மே 18, ஞாயிறு

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. வெளிநாட்டுக் கார்களுக்கு வரி பாதிக்கும் கீழே.

காலையிலேயே அத்தான் ஃபோன் செய்தார். "கேட்டீங்களா செய்தி? நாளைக்கே ஷோரூம் போறேன்!" கல்யாண வீட்டுச் சத்தம். இவரிடம் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். "சந்தோஷம் சகலை" என்றார் இவர். நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னார். இப்படி ஒரு ஆளோடு இத்தனை வருஷம் எப்படி ஓட்டினேனோ.

என் முறையீடு தோற்றது, அக்காவுடையது ஜெயித்தது. இன்று கோயிலில் தலை நிமிர்ந்தே நின்றேன். ஆண்டவனோடு பேச மாட்டேன் என்று காட்டத்தான்.

மே 20, செவ்வாய்

சிரித்துச் சிரித்து வயிறு வலித்த கதை முதலில்.

அக்கா ஃபோன் செய்தாள். அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஷோரூம் போனாராம். அங்கே இருந்த பையன் ஜூஸ் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "வரிக் குறைப்பு பெரிய காருக்கு மட்டும்தான் சார். நீங்க கேக்கறது சின்னது. அதுக்குப் பழைய வரியேதான்" என்றானாம். சின்னக் காருக்குக் குறைத்தால் உள்ளூர்க் கம்பெனிகள் நொடித்துப் போகுமாம். பெரிய கார் வாங்குகிற ஏழைகளுக்கு மட்டும்தான் அரசாங்கம் இரக்கப்பட்டிருக்கிறது.

பேப்பரை எடுத்து வரிக்கு வரி படித்தேன், வரியைப் பற்றித்தான். உண்மைதான், கடைசிப் பத்தியில் எறும்பெழுத்தில் போட்டிருக்கிறது.

"அப்புறம் அத்தான் என்ன சொன்னார்?"

"'சரிப்பா, இங்க பொருத்தினதையே குடு'ன்னு இறங்கி வந்துட்டாருடி."

அங்கேதான் சிரித்தேன். அடக்கவே முடியவில்லை. கெத்து என்ன ஆச்சு என்று கேட்டேன். அக்காவும் சிரித்துவிட்டாள். சிரிப்போடு சிரிப்பாகத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"அதுக்கு அந்தப் பையன், 'அது இனிமே வராது சார், நிறுத்திட்டாங்க'ங்கிறான். இனிமே பெரிய காரை முழுசாவே கப்பல்ல இறக்கப் போறாங்களாம். சின்னதுல லாபம் இல்லையாம்."

இனிமே வராது.

அந்தச் சின்னக் காரைத்தானே இவர் முறுக்குகிறார்? வேறு எதை முறுக்குகிறார்? அக்காவுக்கு அது உறைக்கவில்லை, பேசிக்கொண்டே போனாள். ம், ம் என்று கேட்டுக்கொண்டேன்.

பெட்டி ஏன் வரவில்லை என்று ஷோரூமில் ஜூஸ் கொடுக்கிற பையனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த 'ஒரே குடும்ப'த்துக்குத்தான் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். "கனத்த இதயத்துடன்" என்று தொடங்குகிறதாம்.

ஜூன் 20, வெள்ளி

எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள், ஒரு கைப்பிடி ஆட்களைத் தவிர. இவரை வைத்துக்கொண்டார்கள், நிரந்தரமாக அல்ல. ஒப்பந்தத் தொழிலாளி, வருஷா வருஷம் புதுப்பிப்பார்களாம். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மாமியார் மாத்திரை, பால், வாடகை இந்த மூன்றிலும் கை வைக்க முடியாது. மற்றதெல்லாம் என் கை வைக்கத்தான் இருக்கிறது.

இவரோடு வேலை பார்த்த பெயிண்டர் வாசல்வரை வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காவது கிடைச்சுதேப்பா" என்றார். இவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாத ஒரு நன்மையைச் செய்துவைத்திருக்கிறாய், ஆண்டவா. இதை நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

வேலை என்ன தெரியுமா? முழுதாக வந்து இறங்கும் பெரிய காரின் சீட்டிலும் கதவிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிப்பது. உரித்துவிட்டுத் துடைப்பது. இத்தனை வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. அதன் புதுப் பதவிப் பெயரைக் கேளுங்கள்: "இறுதித் தர மேம்பாட்டு உதவியாளர்". பதவி நீளமாக நீளமாகச் சம்பளம் குட்டையாகும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஜூன் 29, ஞாயிறு

கோயில் வாசலில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு மாதமாக இருவரும் ஒதுங்கித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

"எனக்குத் தெரியாதுடி. உங்க வேலை அதுல இருக்குன்னு சத்தியமா உறைக்கல. நான் பாட்டுக்கு வேண்டிக்கிட்டேன்."

"விடுக்கா. நீ வேண்டினதா நடந்துச்சு?"

"இல்ல. நீ வேண்டினது?"

"அதுவும் இல்ல."

"அப்போ யாரு வேண்டினதுதான்டி நடந்துச்சு?"

"பெரிய கார் வாங்குறவங்க வேண்டினது."

"அவங்களை நான் இந்தக் கோயில்ல பார்த்ததே இல்லையே!"

"அவங்க எதுக்குக்கா இங்க வரணும்? நேரா அமைச்சர் வீட்டுக்கே போயிடுறாங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செருப்புக் காக்கிற அம்மா முறைத்தார். அத்தான் இப்போது பழைய ஸ்கூட்டருக்குக் கடல் நீலம் அடிக்கக் கொடுத்திருக்கிறாராம்.

ஜூலை 13, ஞாயிறு

மாதச் சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். கிரீஸ் சோப்பு என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்தேன். போன மாதம் வாங்கியதே காகிதம் பிரிக்காமல் இருக்கிறது. இவர் சட்டையில் இப்போது அழுக்கே இல்லை. புதுப் பிளாஸ்டிக் வாசனை மட்டும்தான். தண்ணீரில் அலசினாலே போதும்.

இன்று விடுமுறை. கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு படிக்காமல் இருந்தவர், தானாகவே ஆரம்பித்தார்.

"நேத்து ஒரு கார் தாளை உரிச்சுட்டுச் சும்மா கீழ குனிஞ்சு பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால."

"ம்."

"அதே மஞ்சள் கோடு. உடையவே இல்ல. போட்டது போட்டபடி ஒரே கோடா இருக்கு."

முழுதாக வருகிற கார், அப்படித்தானே இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

"அங்க ஒருத்தன் கழட்டிக்கிட்டு இருந்தானே" என்றார். "அவனும் இப்போ வீட்டுலதான் இருப்பான், இல்ல?"

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். வரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டையும் கேட்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அவன் சட்டையைத் துவைக்க ஒரு பெண் இருப்பாள். பெயர் தெரியாது, என்ன மொழியோ தெரியாது. அவளுக்காக மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவள் வீட்டிலும் இந்த மாதம் சோப்பு மிச்சம் இருக்கும்.